ஹரி என்றால் ஊசி

எனோஷிமா தீவுக்குப் போகும் பாலத்தில் கால் வைத்ததுமே மகள் சொல்லிவிட்டாள்: “கையில திங்கிறதுக்கு எதையும் வச்சுக்காதீங்கப்பா. பருந்து வந்து பிடுங்கிட்டுப் போயிடும்.” அண்ணாந்து பார்த்தேன். நாலைந்து பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வந்தால் விரட்டக்கூட எனக்கு வழியில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பி ஏழு மாதம் ஆகியிருந்தது.

மதுரையில் எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிட்டது, சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம், ஒன்றரை இரண்டு வருடத்தில் பெரும்பாலும் தானாகவே இளகிவிடும் என்றார். தானாகச் சரியாகிற நோய்க்கு வைத்தியர்கள் அதிகம். எண்ணெய், ஒத்தடம், சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறும் பயிற்சி எல்லாம் ஆயிற்று. யோகோஹாமாவில் வேலை பார்க்கும் மகளிடம் இரண்டு மாதம் தங்க வந்தபோது, “இங்க அக்குபங்சர் பாத்துடலாம்ப்பா” என்றாள். எனக்கு ஊசி என்றாலே ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரையோடு நிற்பதே இன்சுலின் ஊசிக்குப் பயந்துதான். அந்தப் பயத்தைத் தெளிய வைக்கத்தான் முதலில் இந்தத் தீவுக்குக் கூட்டி வந்தாள். இங்கே ஒரு கல் இருக்கிறது.

பாலத்தைத் தாண்டினால் வெண்கலத் தோரணவாயில். அதற்குள் பழனி அடிவாரம் போல நெருக்கமான கடைத்தெரு. முழு ஆக்டோபஸை இரும்புத் தகடுகளுக்கிடையே நசுக்கி அப்பளமாக்கித் தருகிறார்கள். சூடான சோற்றின் மேல் நெத்திலிக் குஞ்சு மாதிரி வெள்ளை வெளேரென்று சிராசு மீன். தெரு முடிகிற இடத்தில் சிவப்புத் தோரணம், அதன் பின் படிக்கட்டு. ஏற முடியாதவர்களுக்காக 1959-லேயே மின்படி போட்டிருக்கிறார்கள். ஏறுவதற்கு மட்டும்தான், இறங்குவது உங்கள் பாடு.

படிக்கட்டின் ஓரத்தில் அந்தக் கல் இருந்தது. ஒரு பாறைத் துண்டு, பக்கத்தில் ஒரு பலகை, அவ்வளவுதான். ஃபுகு இஷி என்று பெயர், அதிர்ஷ்டக் கல். கூட்டம் அதைக் கடந்து மேலே போய்க்கொண்டே இருந்தது.

கல்லில் தடுக்கி விழுந்தவர் பெயர் சுகியாமா வாய்ச்சி. 1610-இல் இசே நாட்டில், இன்றைய மியே மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் நோய் வந்து பார்வை போயிற்று. அக்காலத்து ஜப்பானில் பார்வையில்லாதவர்களுக்கென்று சில தொழில்கள்தான் இருந்தன. பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் கதை பாடலாம், அல்லது உடம்பு பிடித்துவிடலாம். இந்த உடம்பு பிடித்துவிடும் கலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் நம் காதில் ‘அம்மா’ என்றே விழுகிறது. வாய்ச்சி ஊசி வைத்தியம் படிக்க ஆசைப்பட்டு எடோவுக்குப் போனார். இன்றைய டோக்கியோவுக்கு அப்போது அதுதான் பெயர். யாமாசே என்ற குருவிடம் சேர்ந்தார். பையனுக்குக் கையும் வரவில்லை, சொன்னது மனசிலும் நிற்கவில்லை. குரு வெளியே அனுப்பிவிட்டார்.

போக்கிடம் இல்லாமல் வந்தவர் இந்தத் தீவின் கடலோரக் குகையில் பென்தென் அம்மன் முன்னால் பட்டினி கிடந்தார். ஏழு நாள் என்பார் உண்டு, இருபத்தொரு நாள் என்பாரும் உண்டு. திரும்பும் வழியில் கல் தடுக்கிக் கீழே விழுந்தார். ஏதோ சுருக்கென்று குத்தியது. தடவி எடுத்துப் பார்த்தால் சுருண்ட சருகு ஒன்று. அதற்குள் ஒரு பைன் ஊசியிலை. சருகில்லை, மூங்கில் குழல் என்று சொல்கிற கதையும் இருக்கிறது. எதுவானாலும் குழல், அதற்குள் ஊசி.

அதற்குமுன் ஊசியை விரலால் திருகித் திருகி ஏற்றுவார்கள், அல்லது சின்னச் சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். மெல்லிய ஊசியாக இருந்தால் வளையும். தடித்த ஊசியாக இருந்தால் வலிக்கும். குழல் இந்த இக்கட்டைத் தீர்த்தது. தோலின் மேல் குழலை நிறுத்தி அதற்குள் ஊசியை விடவேண்டும். ஊசி குழலைவிடச் சில மில்லிமீட்டர் நீளம். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதை ஒரு தட்டு. வலியுணரும் நரம்பு முனைகள் அதிகம் உள்ள மேல்தோலை அந்த ஒரே தட்டில் ஊசி கடந்துவிடும். குழலின் விளிம்பு சுற்றிலும் அழுத்திக்கொண்டிருப்பதால் குத்தியதும் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் செய்ய கண்ணே தேவையில்லை. இன்று உலகம் முழுக்க அக்குபங்சர் ஊசிகள் பிளாஸ்டிக் குழலோடு பொட்டலத்தில் வருகின்றனவே, அதன் பாட்டன் இந்தச் சருகுதான்.

ஜப்பானிய மொழியில் ஊசிக்கு ‘ஹரி’ என்று பெயர். எங்கள் பெருமாள் பெயர் அது என்று மகளிடம் சொன்னேன். “குகைக்கு வாங்க, சரஸ்வதியே இருக்கா” என்றாள்.

நிஜம்தான். பென்தென், முழுப்பெயர் பென்சைதென், நம் சரஸ்வதியேதான். பௌத்த ஏடுகளோடு சீனா வழியாக வந்தவள். வீணை பிவாவாகிவிட்டது, ஆற்றுத் தெய்வம் என்ற பழைய நினைவு மட்டும் மாறவில்லை. ஜப்பானில் அவளுக்குக் கோயில் என்றால் பெரும்பாலும் தீவோ, குளக்கரையோ, குகையோதான். எனோஷிமாவின் முதல் குகை 152 மீட்டர் நீளம். வாசலில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்து உள்ளே விடுகிறார்கள். இடது கையில் மெழுகுவர்த்தி, வலது கை பயனில்லாமல் தொங்க, குனிந்து நடந்தேன். பாறை சொட்டியது. ஒரு துளி திரியில் விழுந்து வெளிச்சம் போயிற்று. அந்தக் கொஞ்ச நேரம் சுவரைத் தடவித்தான் வரவேண்டியிருந்தது. அதற்கு வலது கை போதும், தூக்க வேண்டியதில்லையே.

ஊசி வைத்தியம் பிறந்தது சீனாவில். கி.மு. 113-இல் இறந்த லியு ஷெங் என்ற சிற்றரசரின் கல்லறையை 1968-இல் திறந்தபோது தங்க ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் கிடைத்தன. அதற்கும் முந்திய மாவாங்டுயி சமாதிகளில் 1973-இல் எடுத்த பட்டுச் சுவடிகளில் உடம்பில் ஓடும் பாதைகள் பதினொன்று என்று எழுதியிருக்கிறது. ஊசி பற்றிப் பேச்சே இல்லை, சூடு வைப்பது மட்டும்தான். பின்னால் பாதை பன்னிரண்டாயிற்று, புள்ளிகள் பெருகி இன்றைய கணக்கில் 361. ‘ஐயாயிரம் வருடமாக ஓர் எழுத்தும் மாறாத வித்தை’ என்று விளம்பரப் பலகைகளில் பார்க்கும்போது எனக்கு இந்தப் பதினொன்றுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் ‘அக்குபங்சர்’ என்ற பெயர் சீனாவிலிருந்து வரவில்லை. நாகசாகியில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைன், ஜப்பானில் பார்த்ததை லத்தீனில் எழுதி 1683-இல் லண்டனில் அச்சிட்டார். ஊசிக்கும் குத்துக்கும் உள்ள லத்தீன் சொற்களைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் அது. அடுத்து வந்த கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவரும் ஊசியைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் எழுதினார். அவரை 1691-இல் எடோ அரண்மனைக்கு வரவழைத்த, நாட்டை ஆண்ட ஷோகன் சுனயோஷி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆடச் சொல்லி, பாடச் சொல்லி, குதிக்கச் சொல்லி வேடிக்கை பார்த்தார். அதே ஷோகனுக்கு அதே ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் நம் வாய்ச்சி.

குழலைக் கண்டுபிடித்த பிறகு கியோத்தோ போய் முறையாகப் படித்தவர், எடோவுக்குத் திரும்பி நாட்டின் தலைசிறந்த ஊசி வைத்தியராகிவிட்டார். உடம்பு தேறிய ஷோகன், வேண்டியதைக் கேள் என்றாராம். “ஒரு கண் போதும்” என்றாராம் கிழவர். ஷோகன் கொடுத்தது ஹோன்ஜோ பகுதியில் ஹிதோத்சுமே என்ற இடத்தில் நிலம். கால்வாயின் முதல் பாலத்தை ஒட்டிய இடம் என்பதால் அந்தப் பெயர்; அதே சொல்லுக்கு ‘ஒற்றைக் கண்’ என்றும் பொருள். இந்தச் சிலேடையில் சிரிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. எண்பது வயதுக்கு மேலும் மாதாமாதம் எனோஷிமாவுக்கு நடந்தவர், இனி வீட்டுப் பக்கத்திலேயே கும்பிடட்டும் என்ற கரிசனமும் அதில் இருந்தது என்கிறார்கள். 1693-இல் நடந்தது இது. மறு வருடம் இறந்துவிட்டார்.

அந்த இடத்தை முந்தைய ஞாயிறு பார்த்திருந்தோம். சுமோ மல்யுத்த அரங்கு இருக்கும் ரியோகோகுவிலிருந்து நடந்து போகலாம். எஜிமா சுகியாமா கோயில் என்று பெயர். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கின கோயில், ஒரு குட்டிக் குகை, உள்ளே மனிதத் தலையோடு சுருண்ட நாகங்கள். கோயில் வளாகத்திலேயே அவர் நினைவகமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பார்வையற்றவர்களுக்கென்று ஊசிப் பள்ளியே நடத்தியவர் அவர். பாரிசில் பார்வையற்றோருக்கு முதல் பள்ளி தொடங்க இன்னும் நூறு வருடம் இருந்தது.

தீவிலிருந்து ரயிலில் சில நிலையம் தள்ளி ஃபுஜிசாவா. அங்கே ஒரு மாடியறையில்தான் எனக்கு வைத்தியம். செய்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பார்வையற்றோர் பள்ளியில் மூன்று வருடம் படித்து அரசுத் தேர்வு எழுதியவர். ஊசிக்கு ஓர் உரிமம், சூட்டுக்கு ஓர் உரிமம், பிடித்துவிடுவதற்கு ஓர் உரிமம், மூன்றும் சுவரில் மாட்டியிருந்தன, நாங்கள் பார்ப்பதற்காக.

படுக்கச் சொன்னார். இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் மும்மூன்று விரலால் பிடித்தார். வாதம் பித்தம் கபம் பார்க்க நம் வைத்தியர் வைப்பாரே, அதே மூன்று விரல். பிறகு வயிற்றில் கை வைத்தார். தோள் வலிக்கு வயிறு எதற்கு என்று மகளிடம் கேட்டேன். அவள் மொழிபெயர்க்கவில்லை. கடைசியில் தோளுக்கு வந்தார். கழுத்தடியிலிருந்து தொடங்கி, சுவடியில் எழுத்துக்கூட்டுவது போல ஒவ்வோர் அங்குலமாக விரல் நகர்ந்தது. எந்த இடத்தில் நான் மூச்சைப் பிடிப்பேனோ அதற்கு ஒரு நொடி முன்னாலேயே விரல் நின்றது. “ராத்திரி இந்தப் பக்கம் படுக்க முடியறதில்லையான்னு கேக்கறாங்கப்பா.” முடியறதில்லைதான். ஏழு மாதத்தில் என் தோளை இவ்வளவு நேரம் தொட்டுப் பார்த்தவர் வேறு யாருமில்லை.

முதல் ஊசி தோளில் இல்லை, கீழ்க்காலில். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பை ஒட்டி. இடத்தை அளப்பதற்கு என் விரல்களையே எடுத்துக் கிடையாக வைத்தார். யாருக்கு ஊசியோ அவர் விரல்தான் அளவுகோல். நம் வர்ம ஆசான்களும் விரற்கடையில் இப்படித்தான் அளக்கிறார்கள். பொட்டலம் கிழிபடும் சத்தம், சில்லென்று பஞ்சு, குழல் தோலில் பதிந்த அழுத்தம், ஒரு சின்ன டொக். “எப்ப குத்துவாங்க?” என்றேன். குத்தியாகிவிட்டது என்றாள் மகள். 0.2 மில்லிமீட்டர் கனம். மருத்துவமனை ஊசியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

ஊசியை மெல்ல உள்ளே நகர்த்தினார். ஓரிடத்தில், வலியென்று சொல்ல முடியாத ஒன்று முழங்கால் வரைக்கும் ஓடியது. கோயில் மணியை அடித்த பிறகு கயிற்றில் நிற்குமே, அந்த அதிர்வு. அதற்கு ‘ஹிபிகி’ என்று பெயராம், எதிரொலி. அது வந்ததும் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஒரு சாண் கூடுதலாகப் போயிற்று. அற்புதம் ஒன்றுமில்லை, ஒரு சாண்தான். பிறகு தோளில் நாலு ஊசி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று.

முடிவில் சூடு. கியூ என்கிறார்கள். மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சாக்கி, அதில் அரிசி அளவு உருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்துப் பற்ற வைத்தார். பஞ்சின் பெயர் மோகுசா. சுருக்கென்பதற்குள் விரலால் அணைத்துவிட்டார். வாசனை நம் ஊர் வசம்புப் புகைக்குச் சித்தப்பா முறை. 1689-இல் வடநாட்டுப் பயணம் கிளம்பும்முன் கவிஞர் பாஷோ கால்சட்டையைத் தைத்து, தொப்பிக் கயிறு மாற்றி, முழங்காலுக்குக் கீழே இதே புள்ளியில் சூடு வைத்துக்கொண்டதை எழுதியிருக்கிறார். நெடுவழி நடப்பவர்களின் புள்ளி அது. அவர் குடிசை இருந்த ஃபுககாவாவிலிருந்து வாய்ச்சியின் ஒற்றைக்கண் நிலம் நடை தூரம். இருவரும் இறந்தது ஒரே வருடம். தெருவில் எதிர்ப்பட்டிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன், தலை சுற்றியது. இது சிலருக்கு வரும் என்று சொல்லி, உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். ஐயாயிரம் யென்.

மூன்று வாரத்தில் நாலு முறை போனேன். சட்டையை யாரும் பிடிக்காமல் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வந்தது. ஊசியாலா, ஏழாவது எட்டாவது மாதத்தில் தானாக இளகியதா? இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் விடவில்லை. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சாத்திரப்படி ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேர் தேறினார்கள். மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியத்தில் 27.4 சதவீதம். ஊசிக்காரர்கள் கொண்டாடலாம். ஆனால் மூன்றாவது கூட்டத்துக்குப் புள்ளியில்லாத இடத்தில் மேலோட்டமாகச் சும்மா குத்தினார்கள். அதில் தேறியவர்கள் 44.2 சதவீதம். அப்படியானால் 361 புள்ளிகளும் பாதைகளும் எதற்கு? இந்தக் கேள்விக்கு நேரான பதிலை எந்த ஊசி வைத்தியரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்காக எல்லாம் மனப்பிரமை என்று தள்ளவும் முடியாது. ஊசி குத்தும்போது உடம்பே வலிநிவாரணிகளைச் சுரக்கிறது என்பதைப் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் பல வருடம் ஆராய்ந்து காட்டினார். மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவிலுள்ள புள்ளி குமட்டலைத் தணிக்கும். அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பிறகு வரும் குமட்டலுக்கு ஊசி உதவுகிறது என்று அமெரிக்க அரசு கூட்டிய நிபுணர் குழு 1997-லேயே ஒப்புக்கொண்டது. முழங்கால் தேய்மானம், கழுத்து வலி, ஒற்றைத் தலைவலி இவற்றிலும் ஓரளவு நிவாரணத்துக்குச் சான்று உண்டு. வலியும் குமட்டலும்தான் அதன் ராஜ்யம்.

ராஜ்யத்தை விட்டு வெளியே வரும்போதுதான் வம்பு. எங்கள் ஊர்ப்பக்கம் ஊசி வைத்தியர் ஒருவர் என் மைத்துனரிடம், நாடி சரியாகிவிட்டது, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்தினார். மூன்றாம் மாதம் கால் புண்ணோடு மருத்துவமனையில் கிடந்தார். ஃபுஜிசாவா அம்மையார் முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். மார்புப் பக்கம் ஊசியை ஆழமாக இறக்கினால் நுரையீரலில் ஓட்டை விழலாம், அபூர்வமாக அது நடந்தும் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

ஆய்வு விஷயத்தில் இன்னொன்று. சும்மா குத்துகிறோம் என்று குத்துகிறவருக்குத் தெரிந்தால் அவர் கையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் ஊசி செய்தார்கள். ஒன்று உள்ளே போகும். இன்னொன்று தோலைத் தொட்டு நின்றுவிடும். எது எதுவென்று குத்துகிறவருக்கும் தெரியாது, படுத்திருப்பவருக்கும் தெரியாது. இரண்டையும் மறைத்து வைத்திருப்பது வாய்ச்சியின் குழல்.

கடைசி நாள் அம்மையாரிடமே மகளை விட்டுக் கேட்டேன்: வேலை செய்வது ஊசியா, உங்கள் கையா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்: “ரெண்டையும் பிரிச்சு நான் ஒருத்தருக்கும் செஞ்சதில்லையே, எனக்கெப்படித் தெரியும்ங்கறாங்க.” இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவ நிர்வாகம் 1947-இல் ஊசியையும் சூட்டையும் தடை செய்யப் பார்த்ததையும், பார்வையற்ற வைத்தியர்கள் எதிர்த்துக் கிளம்பி அந்த வருட இறுதிக்குள் உரிமச் சட்டமே வாங்கிவிட்டதையும் அன்றுதான் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த மூன்று தாளுக்கும் மூலம் அந்தச் சட்டம்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. பக்கத்திலேயே ஒரு வழிக்கல் இருக்கிறது என்று மகள் கூட்டிப்போனாள். தன்னைப் போல எனோஷிமாவுக்கு நடப்பவர்கள் வழி தப்பக்கூடாது என்று வாய்ச்சி நாற்பத்தெட்டு கற்கள் நட்டாராம். பத்துப் பன்னிரண்டு இன்னும் நிற்கின்றன. சாலையோரம், என் மார்பளவுக்கு ஒரு கல்தூண். ஒரு முகத்தில் ‘எனோஷிமா வழி’, மற்ற முகங்களில் எல்லா உயிர்களும் இம்மை மறுமை இரண்டிலும் சுகமாக இருக்கட்டும் என்று. எழுத்து ஒவ்வொன்றும் விரல் புதைகிற ஆழம். கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்கட்டும் என்றுதான் அப்படி வெட்டினார்கள் என்று சொல்கிறார்கள்.

வலது கையின் ஆள்காட்டி விரலை மேல் எழுத்தின் தொடக்கத்தில் வைத்தேன். எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியவில்லை. மகள் என் விரலைப் பிடித்து மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக நகர்த்தினாள். விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் அவள் விரலைப் பிடித்து நான் எழுதியது இப்படித்தான். அன்று அவள் அழுதாள்.

“கை வலிக்குதாப்பா?”

“இல்ல. அடுத்த எழுத்து என்னது?”